ஏழு சுடரும் ஒரு கேள்வியும்

"கேள்வி கேளுங்கள்" என்று மாணவர்க்கு உரைப்பது எளிது. கேட்டுவிட்ட கேள்வியின் முன்னே கூசாமல் நிற்பது அரிது. எளியதை நாம் மூன்றாண்டுகளாகச் செய்து வருகிறோம். அரியதைச் செய்ய வேண்டிய நாள், இந்தப் பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னே வந்து சேர்ந்தது. வரச் செய்தவள், ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமி.

கல்லூரியில் வரலாறு படித்தோம், பட்டம் பெற்றோம், சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றோம். அந்தப் பள்ளியில் வெள்ளிதோறும் பிற்பகலில் இலக்கிய மன்றம் கூடும். அரையாண்டு விடுமுறை முடிந்து கூடிய முதல் மன்றத்தில், 'உலக விழாக்கள்' எனும் வரிசையில் பேச வேண்டியது நமது முறை. எந்த விழாவைப் பற்றிப் பேசுவது? வரம் கொடுத்த கதை, வதம் செய்த கதை, வாகனம் ஏறி வந்த கதை — இவற்றைக் கொண்ட விழாக்கள் ஏராளம். மாணவர் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. வானத்தைப் பார்க்காமல் மனிதனைப் பார்க்கும் விழா ஒன்று உண்டா என்று தேடினோம். கிடைத்தது, குவான்சா.

அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களின் விழா அது. டிசம்பர் 26இல் தொடங்கி ஜனவரி 1இல் முடியும். 1966ஆம் ஆண்டுக்கு முன் அப்படியொரு விழா உலகில் இல்லை. பிறந்த ஆண்டு தெரியும். பிறந்த ஊர் தெரியும். தோற்றுவித்தவர் யாரென்றும் தெரியும். எந்தக் கடவுளும் அதற்காகக் கீழே இறங்கவில்லை. எந்த அரக்கனும் அதற்காகக் கொல்லப்படவில்லை. மனிதன் எண்ணினான், மனிதன் அமைத்தான், மனிதர் கூடிக் கொண்டாடினர். இதைவிட என்ன வேண்டும் நமக்கு? மயங்கினோம். ஆம், மயங்கினோம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மன்றத்தில் நாம் கூறியதைச் சுருக்கி இங்கே தருகிறோம்.

1965 ஆகஸ்ட் 11. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வாட்ஸ் எனும் பகுதியை அடுத்த சாலையில், காரோட்டி வந்த கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் மறித்தார். கூட்டம் சேர்ந்தது. வாக்குவாதம் முற்றியது. ஆறு நாட்கள் அந்தப் பகுதி எரிந்தது. 34 பேர் மாண்டனர். ஒரு காரை மறித்ததற்கா இத்தனை பெரிய தீ? அல்ல, பல்லாண்டுக் காலமாகக் கனன்று கொண்டிருந்த நெருப்பு அது. வீடு விற்பதில் நிற வேற்றுமை கூடாது என்றொரு சட்டம் கலிபோர்னியாவில் இருந்தது. அதை 1964இல், அந்த மாநிலத்து வாக்காளர்களே பெரும்பான்மையாக வாக்களித்துச் செல்லாமல் ஆக்கினர். வாடகை தரப் பணம் இருந்தாலும் வாசற்படி ஏற வழியில்லை! அந்த மக்களிடம் போய், "ஏன் சினந்தாய்?" என்று கேட்பவன், சுட்ட இடத்தைப் பார்க்காமல் கொப்புளத்தைக் குறைகூறுபவன்.

அந்தச் சாம்பலின் சூடு ஆறுமுன், அதே ஆண்டில், ஓர் இயக்கம் கண்டார் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர். 'அஸ்' என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் 'நம்மை' என்று பொருள்படும் சிறு சொல். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ரொனால்டு எவரெட். அவர் ஏற்றுக்கொண்ட பெயர் மௌலானா கரெங்கா. அரசியலில் விடுதலை பெற வேண்டுமானால் அதற்கு முன் பண்பாட்டில் நிமிர வேண்டும் என்பது அவருடைய வாதம்.

வாதத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். அக்கரையில் உயிரோடு இறங்கியவர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர். இடையிலே விடுபட்ட இலட்சக்கணக்கானோர் கடலுக்கு இரையானவர். இறங்கியவரிடமும் எஞ்சியது என்ன? பெயர் பறிபோயிற்று, மொழி பறிபோயிற்று, பெற்ற பிள்ளையும் விலைக்குப் போயிற்று. விழா மட்டும் எப்படி எஞ்சும்? ஆண்டை கொடுத்த நாளில்தான் அடிமை சிரிக்கலாம்.

ஆண்டை எந்த நாளைக் கொடுத்தான் தெரியுமா? கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை! அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓய்வும் மதுவும் கொடுத்து அடிமையை மயக்கி, அவன் நெஞ்சில் கிளர்ச்சி எண்ணம் எழாமல் தணித்து வைக்கும் சூழ்ச்சியே அந்த விடுமுறை என்று தோலுரித்துக் காட்டினார் அவர். அந்த வாரத்தின் முடிவில் வருவது ஜனவரி 1. அடிமைகளை வாடகைக்கு விடுவதற்கும் கைமாற்றுவதற்கும் குறித்த நாள் அது. விடிந்தால் தாய் ஒரு பண்ணைக்கு, பிள்ளை ஒரு பண்ணைக்கு. 'நெஞ்சு முறியும் நாள்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஹாரியட் ஜேக்கப்ஸ் எனும் அம்மையார் தாம் அடிமையாய் இருந்த வாழ்வைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், அந்த நாளில் தாய்மார் பட்ட துயரத்தை எழுதி வைத்தார்.

அந்த ஏழு நாட்களில்தான் இன்று குவான்சா நடக்கிறது. அழுது கிடந்த வாரத்தில், அவர்தம் வழிவந்தோர் விளக்கேற்றுகின்றனர்!

எப்படி நடக்கிறது? மேசை மீது ஒரு பாய் விரிக்கின்றனர். அதன்மேல் காய்கனிகள். வீட்டில் எத்தனை குழந்தைகளோ அத்தனை மக்காச்சோளக் கதிர்கள். குழந்தை இல்லாத வீட்டிலும் ஒரு கதிர் வைக்கப்படும். ஊரார் பிள்ளையும் உன் பிள்ளையே என்பது அதன் கருத்து. ஏழு மெழுகுவத்திகள் கொண்ட ஒரு தண்டு. நடுவில் கரியது ஒன்று. ஒருபுறம் சிவப்பு மூன்று. மறுபுறம் பச்சை மூன்று. கருமை, மக்கள். செம்மை, அவர் போராட்டம். பசுமை, அவர் காணப்போகும் எதிர்காலம். மார்க்கஸ் கார்வி கண்ட இயக்கம் 1920இல் உயர்த்திய கொடியின் நிறங்களே இவை. நாளுக்கு ஒன்றாகச் சுடர் ஏற்றுகின்றனர். நாளுக்கு ஒரு கொள்கையைப் பேசுகின்றனர். ஒற்றுமை, தன்னுரிமை, கூட்டு உழைப்பு, கூட்டுறவுப் பொருளியல், நோக்கம், படைப்பாற்றல், நம்பிக்கை என ஏழு. பெயர்கள் சுவாகிலி மொழியில் அமைந்தவை. உமோஜா என்பது ஒற்றுமை. உஜாமா என்பது கூட்டுறவு. தான்சானியாவின் தலைவர் ஜூலியஸ் நைரேரே தம் சமதர்மக் கொள்கைக்கு இட்ட பெயரும் அதுவே. இமானி என்பது நம்பிக்கை. நம் ஊர் இசுலாமிய நண்பர்கள் 'ஈமான்' என்கிறார்களே, அதே அரபு வேர்தான். ஆனால் குவான்சா கேட்கும் நம்பிக்கை கடவுள் மீதன்று. தம் மக்கள் மீதும், தம் பெற்றோர் மீதும், தம் ஆசிரியர் மீதும், தம் போராட்டம் வெல்லும் என்பதன் மீதும் வைக்கும் நம்பிக்கை.

ஆசிரியர் மீது நம்பிக்கை! இந்த இடத்தில் மாணவர்கள் கைதட்டினர். நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி கால் மணி நேரம் நீடித்தது.

கேள்வி நேரம் வந்தது. மாணவன் ஒருவன் எழுந்தான். "ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கினால், அது எப்படி ஐயா விழா ஆகும்?" என்றான். இதற்கு விடை நம் கையில் ஆயத்தமாக இருந்தது. "தம்பி, எல்லா விழாவும் மனிதன் உண்டாக்கியதுதான். சிலவற்றுக்கு உண்டாக்கியவன் பெயர் மறந்துவிட்டது, அவ்வளவே வேற்றுமை" என்றோம். சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

பிறகு கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். குரல் மெல்லியது. "இந்த விழாவை உண்டாக்கியவர் நல்லவரா, ஐயா?"

"நல்லவர்தான் அம்மா. பேராசிரியர். தம் மக்களுக்காக உழைத்தவர்" என்றோம். அமர்ந்துவிட்டாள். மணி அடித்தது.

வீடு திரும்பினோம். உணவு இறங்கவில்லை. 'நல்லவர்' என்று சொன்னோமே, எதைக்கொண்டு சொன்னோம்? அவர் எழுதியதையும் அவரைப் போற்றுவோர் எழுதியதையும் மட்டுமன்றோ படித்திருந்தோம்? ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு உரைப்பது புராணிகன் தொழில். அதை ஆசிரியன் செய்யலாமா? அன்றிரவு மறுபக்கம் படிக்க உட்கார்ந்தோம். விடியற்காலை இரண்டு மணிக்கு, படித்ததை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1971இல் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று கரெங்காவைக் குற்றவாளி என்று தீர்த்தது. திருட்டன்று, அரசியல் பேச்சுமன்று. தம் இயக்கத்தைச் சேர்ந்த இரு பெண்களை அடைத்து வைத்துத் தாக்கினார் என்பது குற்றம். மின்கம்பியால் அடித்த கொடுமை சாட்சியமாக வந்தது. அதற்கு மேலும் வந்தன. அவற்றை எழுத நம் பேனா மறுக்கிறது. அவர் குற்றத்தை மறுத்தார். அரசியல் காரணமாகத் தாம் சிறையிடப்பட்டதாகக் கூறினார். 1975இல் விடுதலையானார். பின்னர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

அரசு அந்த இயக்கங்கள் மீது சூழ்ச்சி செய்யவில்லையா? செய்தது. கரெங்காவின் இயக்கத்துக்கும் கருஞ்சிறுத்தைக் கட்சிக்கும் பகை இருந்தது. 1969 ஜனவரி 17இல், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக வளாகத்திலே கருஞ்சிறுத்தைகள் இருவர், பஞ்சி கார்ட்டரும் ஜான் ஹக்கின்சும், சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் பகையை மூட்டி வளர்க்க, ஒரு சாரார் மறு சாராரை இழிவுபடுத்துவது போன்ற பொய்க் கேலிச் சித்திரங்களை வரைந்து பரப்பியது அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை. பிற்காலத்தில் அந்நாட்டு மேலவைக் குழு ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட உண்மை இது. ஆகவே அரசை ஐயுறுவது அறிவுடைமையே. ஆனால், நண்பர்களே, அரசு பொல்லாதது என்பதற்காக அந்த இரு பெண்கள் பொய்யர் ஆகிவிடுவாரா? ஒரு தவறு மற்றொரு தவறைக் கழுவும் கங்கை அன்று.

அந்த இயக்கம் தொடக்க நாட்களில் பெண்களை ஆணுக்கு அடங்கி நடக்கச் சொல்லியதையும் படித்தோம். பின்னாளில் கரெங்காவே அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார் என்பதையும் படித்தோம். 'நாம்' என்று பெயர் வைத்துக்கொண்ட இயக்கத்தில், அந்த 'நாம்' என்பதற்குள் பெண் எங்கே நின்றாள்? இந்தக் கேள்வியைத்தானே ஒன்பதாம் வகுப்புச் சிறுமி தன்னையறியாமல் கேட்டாள்?

மறுநாள் ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். நம்மிடம் அன்பு கொண்டவர். முப்பதாண்டு அனுபவம் உள்ளவர். "தம்பி, பிள்ளைகளுக்கு ஏன் இதெல்லாம்? நல்லதைச் சொன்னாய், அதோடு விடு. கறுப்பு மக்களை இழித்துரைக்க உலகமே ஆயுதம் தேடிக்கொண்டிருக்கிறது. நீயும் ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போகிறாயா?" என்றார்.

நேர்மையான வாதம். எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாதது. அந்த விழாவைத் தாக்குவோர் யார், எதற்காகத் தாக்குகின்றனர் என்பதையும் நாம் பார்த்திருந்தோம். ஆகவே, வெவ்வேறு தரப்பார் கூறுவதை ஒவ்வொன்றாக நிறுத்தி எடைபோட்டோம்.

'போலி விழா' என்கின்றனர் சிலர். கறுப்பினத்தார் தலைநிமிர்வதையே வெறுக்கும் வெள்ளையரிடமிருந்து இது பெரிதும் வருகிறது. நேற்றுப் பிறந்ததாம், ஆகையால் போலியாம்! அவர்கள் போற்றும் நன்றியறிதல் நாளை நாடு முழுமைக்கும் உரியதாக 1863இல் அறிவித்தவர் லிங்கன். அன்னையர் நாளுக்காகப் பாடுபட்டவர் அன்னா ஜார்விஸ். அதை 1914இல் அரசு ஏற்றது. கிறிஸ்துமஸ்? ஏசு பிறந்த தேதி விவிலியத்தில் எங்கும் எழுதப்படவில்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து சில்லிங் தண்டம்! தண்டம் விதித்தவர் நாத்திகரல்லர், பழுத்த கிறிஸ்தவர். பழமை என்பது விழாவின் வயதுதான். அதன் தகுதி அன்று.

'சுவாகிலி உங்கள் முன்னோர் மொழியா?' என்கின்றனர் வேறு சிலர். இது கறுப்பின அறிஞரிடமிருந்தே வரும் கேள்வி, கூர்மையான கேள்வி. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் செனகல் முதல் அங்கோலா வரையிலான மேற்குப் பகுதியினர். சுவாகிலி வழங்குவதோ கிழக்குக் கரையில். விழாவின் பெயரே 'முதற் கனிகள்' எனும் சுவாகிலித் தொடரிலிருந்து எடுத்தது. அந்தப் பெயரிலும் ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டி, முதல் விழாவில் இருந்த ஏழு குழந்தைகளுக்காக ஏழெழுத்து ஆக்கினர் என்பர். வரலாற்று மாணவன் என்ற முறையில் முதலில் நாமும் முகம் சுளித்தோம். பிறகு எண்ணிப் பார்த்தோம். தாய்மொழி எதுவென்று அறியவும் முடியாதபடி பறிகொடுத்தவன் என்ன செய்வான்? ஒரு குலத்தின் மொழியைத் தேர்ந்தால் மற்றக் குலங்கள் விலகும். பல இனத்தார்க்கும் பொதுவாய், 1961இல் தாங்கனீக்காவும் 1963இல் கென்யாவும் விடுதலை பெற்றபோது எழுந்து ஒலித்த மொழியை எடுத்துக்கொண்டனர். ஈராயிரம் ஆண்டுத் தாய்மொழி வீட்டில் இருக்க, அதைப் பேசக் கூசுகிறவர் நம்மிடையே உண்டு. இல்லாத தாய்மொழிக்கு ஏங்குபவரைப் பார்த்து நாம் சிரிக்கலாகாது.

'கிறிஸ்துமசுக்கு எதிரி' என்றனர் கிறிஸ்தவருள் ஒரு சாரார். தொடக்கத்தில் கரெங்காவின் எண்ணமும் அதுதான். வெள்ளையர் விழாவுக்கு மாற்றாகவே இதை முன்வைத்தார். 1997இல் வெளியான நூலிலோ, எவருடைய சமயத்துக்கும் சமய விழாவுக்கும் இது மாற்றன்று என்று எழுதினார். இன்று பல வீடுகளில் இரண்டும் நடக்கின்றன. கறுப்பினத்தார் தேவாலயங்களிலேயே ஏழு சுடர் ஏற்றப்படுகிறது. ஏழாம் கொள்கையான நம்பிக்கை, அங்கே கடவுள் நம்பிக்கை ஆகிவிடுகிறது! பகுத்தறிவாளருக்கு இது சற்றுக் கசக்கும். எனினும் வெளியே நின்று உத்தரவிட நாம் யார்?

வணிகம் வேறு நுழைந்தது. 1997இல் அமெரிக்க அஞ்சல் துறை குவான்சாவுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கும் முன்பே வாழ்த்தட்டை வணிகர் வந்து சேர்ந்துவிட்டனர். நம்மவர் கடையை நாமே வளர்ப்போம் என்பது நான்காம் கொள்கை. அந்தக் கொள்கையைக் கொண்டாட வேண்டிய மெழுகுவத்தித் தண்டைப் பெருமுதலாளியின் அங்காடியில் வாங்குவது எத்தகைய நகைமுரண்! அன்னா ஜார்விசுக்கும் இதே கதிதான். தாம் கண்ட அன்னையர் நாளைப் பூவிற்போரும் அட்டை விற்போரும் விழுங்கியது கண்டு, வாழ்நாள் முழுதும் அவர்களோடு போராடினார் அந்த அம்மையார்.

நமக்கே ஒரு முறையீடு இருந்தது; அதையும் மறைக்க வேண்டாம். குவான்சாவில் ஒற்றுமைக் கிண்ணம் என்று ஒன்று உண்டு. மூத்தவர் ஒருவர் அதிலிருந்து நீரை ஊற்றி, மறைந்த முன்னோரை நினைவுகூர்வார். படித்தவுடனே நம் நெற்றி சுருங்கியது. நீத்தாருக்கு நீர் இறைப்பதா? ஆற்றங்கரையில் எள்ளும் நீரும் இறைத்துத் தட்சிணை வாங்கும் காட்சியன்றோ கண்முன் வருகிறது! ஆனால் அங்கே தட்சிணை வாங்கும் தரகன் இல்லை. அடிமைகளைத் தளையிலிருந்து அழைத்துச் சென்ற ஹாரியட் டப்மன் போன்றோர் பெயர்களைச் சொல்லித்தான் நீர் வார்க்கின்றனர். இது வழிபாடா, நினைவா? எல்லைக்கோடு மெல்லியது. நம் மனம் முழுமையாக ஒப்பவில்லை என்றே அப்போது குறித்துக்கொண்டோம்.

இத்தனையும் நிறுத்துப் பார்த்தபின், மூத்தவரின் வாதம் எஞ்சி நின்றது. உண்மையைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் நாம் செய்வது என்ன? பழைய புராணத்தை எரித்துவிட்டுப் புதிய புராணம் எழுதுகிறோம்! கடவுளுக்குக் குறையில்லை என்றான் அவன். தலைவனுக்குக் குறையில்லை என்கிறோம் நாம். பீடம் அதே, சிலைதான் வேறு. மனிதன் செய்த விழா என்று மார்தட்டினோமே, மனிதன் என்றால் குறையுள்ளவன் என்றுதானே பொருள்? மனிதன் செய்தது என்பதால் பெருமை கொள்பவன், செய்தவனை மனிதனாகவே நிறுத்தி விசாரிக்கவும் துணிய வேண்டும். தெய்வ விழாவைத் திருத்த முடியாது. திருத்தினால் பாவம் என்பார்கள். மனித விழாவைத் திருத்தலாம். மனிதன் செய்த விழாவுக்குள்ள ஒரே மேன்மை இதுதான். அதையும் மூடி மறைத்துவிட்டால், பிறகு எதை வைத்து மார்தட்டுவது?

எதிரிக்கு ஆயுதம் என்பதும் முழு உண்மையன்று. நாம் மறைத்தால்தான் அவன் கையில் அது ஆயுதம். நாமே சொல்லிவிட்டால் வெறும் செய்தி.

இன்னொன்றும் கண்டோம். கரெங்கா சிறையிலிருந்த ஆண்டுகளில் விழா நின்றுவிட்டதா? இல்லை. அந்த ஆண்டுகளிலும் அது ஊர் ஊராகப் பரவியது! பரப்பியவர் யார்? புரூக்ளினில் ஜிட்டு வியூசி எனும் பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு சேர்ந்து 1969இல் 'தி ஈஸ்ட்' எனும் மன்றம் கண்டார். அதன் வழியே, 'இப்போதே விடுதலை' என்று பொருள்படும் பெயரில் ஒரு பள்ளியும் எழுந்தது. அத்தகைய பள்ளிகளும் மன்றங்களும் குவான்சாவை எடுத்து நடத்தின. வீடுகளில் பாய் விரித்து, கதிர் அடுக்கி, பிள்ளைகளுக்குக் கொள்கையின் பொருளைச் சொல்லிக் கொடுத்தவர் தாய்மார். வித்திட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் பல்லாயிரவர். விளைச்சலுக்கு வித்திட்டவர் மட்டும் உரிமை கொண்டாட முடியுமா? அவர் குற்றத்திற்காக விளைச்சலைக் கொளுத்துவதுதான் முறையா?

முடிவு செய்தோம். பொங்கல் விடுமுறைக்கு முந்திய நாள், தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று மீண்டும் மன்றத்தைக் கூட்டினோம். மேடையேறி முதற்சொல்லாக, "சென்ற வாரம் உங்களுக்கு ஒரு தவறான விடை சொன்னோம்" என்றோம். மண்டபம் அடங்கியது. 1971ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொன்னோம். பிள்ளைகளின் வயதுக்குத் தக்க சொற்களில், ஆனால் குறைக்காமல் சொன்னோம். அவர் மறுத்ததைச் சொன்னோம். அரசின் சூழ்ச்சியைச் சொன்னோம். பள்ளிகளும் தாய்மாரும் விழாவை வளர்த்ததைச் சொன்னோம். கால் நடுங்கியது உண்மை.

சென்ற வாரம் கேட்ட மாணவன் எழுந்தான். "அப்படியானால் அந்த ஏழு கொள்கையும் பொய்யா, ஐயா?"

"ஒற்றுமை பொய்யா? உழைப்பு பொய்யா? கொள்கையை அவர் மீறினார் என்றால், கொள்கை அவரைவிடப் பெரியது என்றுதானே பொருள்? அந்தக் கொள்கையாலேயே அவரையும் அளக்கலாம்" என்றோம். அவன் முழு மனநிறைவோடு அமர்ந்தான் என்று சொல்ல மாட்டோம். யோசித்தபடி அமர்ந்தான். அதுவே போதும்.

பிறகு அவள் எழுந்தாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"கிண்ணத்திலிருந்து நீர் ஊற்றும்போது, கஷ்டப்பட்டவர்கள் பெயரையெல்லாம் சொல்வார்கள் என்றீர்களே, ஐயா. அந்த இரண்டு பெண்களையும் நினைத்து யாராவது ஒரு சொட்டு ஊற்றுவார்களா?"

நமக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. நீர் வார்ப்பது மூடப்பழக்கமா, நினைவா என்று மூன்று நாட்களாக நாம் நடத்திய வழக்கை, அவள் ஒரு வாக்கியத்தில் தீர்த்து வைத்தாள். யாரை நினைக்கிறோம் என்பதில் இருக்கிறது அதன் பொருள். தலைவரை மட்டும் நினைத்தால் அது வழிபாடு. தலைவரால் துன்புற்றவரையும் சேர்த்து நினைத்தால்தான் அது நினைவு.

"ஊற்ற வேண்டும், அம்மா. ஊற்றினால்தான் முதலாம் நாள் ஏற்றிய ஒற்றுமைச் சுடருக்குப் பொருள்" என்றோம்.

நண்பர்களே! பகுத்தறிவு என்பது பிறர் வீட்டுப் பரணில் உள்ள தூசியைத் தட்டும் துடைப்பம் மட்டுமன்று. நாம் போற்றுவதையும், நம் நெஞ்சுக்கு இனியதையும், நம் பக்கம் என்று நாம் எண்ணுவதையும் அதே துடைப்பத்தால் தட்டிப் பார்க்கும் துணிவே பகுத்தறிவு. அந்தத் துணிவு அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இருக்கிறது. குவான்சாவைக் கொண்டாடுவோர் அவர்கள். குவான்சாவைக் குறுக்கு விசாரணை செய்வோரும் அவர்களே. கொண்டாடுவோர் வீட்டிலே, பெரும்பாலும் அதைத் தோற்றுவித்தவரின் பெயர்கூட உச்சரிக்கப்படுவதில்லை. சுடரும் கதிரும் கொள்கையும் குழந்தையும்தான் அங்கே முன் நிற்கின்றன. ஆறாம் நாள், டிசம்பர் 31 இரவு, கூடி விருந்துண்ணுகின்றனர். 1862இல் அதே இரவில்தான், அடிமை விடுதலைப் பிரகடனம் விடிந்ததும் நடைமுறைக்கு வருமென்று, அவர்தம் முன்னோர் கண்விழித்துக் காத்திருந்தனர். உண்டாக்கிய விழா உண்மையான வரலாற்றோடு இப்படி வந்து இணைந்துகொண்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி சென்றோம். மாணவர் நடத்தும் கையெழுத்து ஏட்டின் புதிய இதழ் மேசைமேல் இருந்தது. குவான்சா பற்றி அந்தச் சிறுமி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். முதல் வரி: 1966இல் இந்த விழாவை மௌலானா கரெங்கா தோற்றுவித்தார். இரண்டாம் வரி: 1971இல் இரு பெண்களைத் துன்புறுத்திய குற்றத்திற்காக அவர் தண்டிக்கப்பட்டார். மூன்றாம் வரி முதல் ஏழு கொள்கைகள்.

வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டோம்.